பால்கோவா ஐஸ்கிரீமும் ஒரு ‘பரவாயில்ல’யும்

ருசி பார்த்துச் சொல்கிற வேலையில் நாக்குக்குத்தான் சம்பளம், வாய்க்கு இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் கரித்த சாம்பாரை விழுங்கிவிட்டு, “நல்லாருக்கு” என்று சொல்லித் தப்பித்தவர்கள்தானே நீங்களும்? என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் ஸ்பூன்

எம்.ஏ. படிக்கும்போது வந்த கோடை விடுமுறை. எங்கள் வாடிப்பட்டிக்காரர் ஒருவர் மதுரையில் ஐஸ்கிரீம் கம்பெனியும் கடையும் வைத்திருந்தார். உறவில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். புதுச் சரக்கை ருசி பார்த்துக் குறை சொல்ல என்னை வைத்துக்கொண்டார். சித்திரைத் திருவிழாவுக்குள் பால்கோவா ஐஸ்கிரீமைக் கடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே துடிப்பு.

கப்பைத் திறந்தேன். எசென்ஸ் நெடி மூக்கில் ஏறியது. திரிதிரியான அந்தப் பால்கோவாப் பதம் பேருக்குக்கூட இல்லை. அடிநாக்கில் கசப்பு வேறு. மாமாவும் ஐஸ்கிரீம் போடுகிற மாஸ்டரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடுத்த எடுப்பில் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்ல மனசு வராமல், “பரவாயில்ல மாமா” என்று ஆரம்பித்தேன். அடுத்து ஒரு ‘ஆனா’ வைத்திருந்தேன். அதற்குள் மாமா மாஸ்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

“எம்.ஏ. படிக்கிற புள்ளயே பரவாயில்லன்னுருச்சு. மிஷினப் போடுங்கப்பா.”

பஸ்ஸில் காலை மிதித்தால்

அதோடு விட்டாரா? ‘எம்.ஏ. மாணவி பாராட்டிய பால்கோவா ஐஸ்கிரீம்’ என்று தகரப் பலகை எழுத பெயிண்டரிடம் சொல்லியாயிற்று. எனக்குத் தலை கொதித்தது. நான் பாராட்டவே இல்லை. என்னோடு படிக்கிறவர்கள் நடமாடுகிற தெரு அது. வாங்கித் தின்றுவிட்டு என்னைத்தானே கேட்பார்கள்?

மாமாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்று வாதாடினேன். பஸ்ஸில் ஒருத்தர் நம் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை என்கிறோம். நன்றாக மிதித்தீர்கள் என்றா அதற்கு அர்த்தம்? மாமா அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம், அவர்கள் பரவாயில்லை என்றால் பலகை ஏறும் என்றார். மாஸ்டரைக் காட்டி ஒன்று சேர்த்துக்கொண்டார்.

“இவன் மகன் பாஸாயிட்டான், படிப்பு எப்படின்னு கேட்டா பரவாயில்லங்கிறான். அது என்ன, மகனை வையிறதா?”

பாதிக் கப்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். மாமா கல்லாவில் பட்டையாகத் திருநீறு பூசி உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்துக்கு நேராக யார் குறை சொல்லப்போகிறார்கள்? மேலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை முறுக்கு மீசையைத் துடைத்துக்கொண்டு பரவாயில்லை என்றார். ஜவுளி எடுக்க வந்த குடும்பம் மொத்தமும் அதையே சொன்னது. ஒவ்வொரு தடவையும் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் தலை நிறைய மல்லிகைப்பூவோடு ஓர் அக்கா வந்தார். அவரும் பரவாயில்லை என்றார். சொல்லிவிட்டுக் கப்பை மேஜையில் வைத்துப் பையைத் தூக்கினார். பாதி அப்படியே இருந்தது. ஏன்க்கா மிச்சம் வைத்துவிட்டீர்கள், முழுசும் சாப்பிடுங்கள் என்றேன். கல்லா வரைக்கும் கேட்கிற குரலில் பதில் வந்தது.

“அதான் பரவாயில்லன்னுட்டேனே, இன்னும் ஏன் திங்கச் சொல்லுறீக?”

பெயிண்டர்

அதன்பிறகு கொஞ்ச நேரத்துக்கு மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. பெயிண்டர் சைக்கிளில் பலகையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. ‘எம்.ஏ. மாணவி பாராட்டிய’ என்பதை அழிக்கச் சொல்லிவிட்டு மாமா எழுந்தார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். உள்ளே பால்கோவாவே இல்லாதபோது பலகையில் மட்டும் அது எதற்கு என்று கேட்டுவிட்டேன். மாமா என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். இனிமேல் ருசி பார்க்க நான் வர வேண்டாம் என்றார். பிறகு பெயிண்டரிடம், அதையும் அழித்துவிடு என்று கையைக் காட்டினார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து முடித்த பெயிண்டர், மிஞ்சியிருந்த ஒரே ஒரு சொல்லைத் தொடாமல் என்னிடம் திரும்பினார்.

“ஐஸ்கிரீம்னு இருக்கலாமா தங்கச்சி, இல்ல அதுலயும் ஏதும் தகராறு இருக்கா?”

ஆக, எம்.ஏ. படித்து மதுரைக்கு நான் செய்த சேவை, ஒரு தகரப் பலகையில் இருந்த பொய்களைத் துடைக்கவைத்து, கூடவே என் வேலையையும் துடைத்துக்கொண்டதுதான்.