பேச்சியம்மாள் நிலத்தில் நான் போட்ட கரி

மண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதில் ஒரு வசதி: நோயாளி வாயைத் திறக்காது. நிலத்துக்காரி திறப்பார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

தளவாய்புரம் போகிற வழியில் பேச்சியம்மாளுக்கு முப்பது சென்ட். கீரை போட்டு ராஜபாளையம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். பக்கத்துக் கொட்டகையில் யாரோ பழைய பேட்டரி உடைத்துவிட்டுப் போனதில் மண்ணில் ஈயம் ஏறிவிட்டது. மண் சோதனைக் காகிதம் வந்த அன்றே கீரையைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார். அவருக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான். அங்கே போய் நின்றேன் நான்.

கட்டிப் போட்ட திருடன்

முதல் நாள் விளக்கினேன். சீமைக்கருவேலை அதிகம் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, நல்ல நுண்ணுயிர்களை அதில் குடிவைத்து மண்ணில் கலக்க வேண்டும். கரி ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். வேர்ப்பக்கம் அவ்வளவாக விடாது. பத்து நிமிஷம் பேசினேன்.

"அப்ப ஈயம் வெளியே போயிராதா?"

"போகாது. உள்ளேயே கிடக்கும்."

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருடனை வீட்டுத் தூண்ல கட்டிப் போட்டுட்டு, நீ நிம்மதியாத் தூங்குன்னு சொல்லுதீகளே அண்ணாச்சி!"

நீல டிரம்

நுண்ணுயிர்களை வெல்லத் தண்ணீரில் ரெண்டு நாள் பெருக்க வேண்டும். டிரம் இல்லை. அடுத்த களத்தில் பேண்டேஜ் துணி வெளுத்துக் காயப்போடும் சுப்பையாவிடம் ஒன்று வாங்கினேன். "கழுவிக்கிடுங்க" என்றார். மண்ணுக்குப் போகிற தண்ணீருக்குக் கழுவல் என்ன கழுவல் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்துத் திறந்தால் நுரை இல்லை, புளித்த வாடை இல்லை. வெளுக்கிற மருந்து வாடைதான் மூக்கில் ஏறியது. அத்தனை உயிரும் காலி. சுப்பையா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "உங்க பூச்சி செத்துச்சுன்னா எங்க மருந்து அசல்னு அர்த்தம்."

ஆடிக் காற்று

கரியை நனைத்துத்தான் தூவ வேண்டும். ஊரெல்லாம் இதைச் சொல்லித் திரிகிறவன் நான். அன்றைக்கு அவசரம். காய்ந்த பொடியை அப்படியே வாரி இறைத்தேன்.

மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. சுப்பையா களத்தில் வெள்ளைத் துணி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. செத்த நேரத்தில் எல்லாம் சாம்பல் நிறம். நானும் பேச்சியம்மாளும் ஓடிப்போய் உதறினோம். உதற உதற இன்னும் அப்பியது. சுப்பையா கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "டிரம் கேட்டீக, குடுத்தேன். துணியும் வேணும்னா கேட்டிருக்கலாம்ல?"

முதல் தட்டு

பொறவு எல்லாம் முறையாகச் செய்தேன். டிரம்மைக் கழுவினேன். கரியை நனைத்தேன். ஒரு மழைக்காலம் போனது. அரைக்கீரை வந்தது. விற்கவில்லை; இலையைச் சோதனைக்கு அனுப்பினோம். காகிதம் வந்தது: ஈயம் அனுமதித்த அளவுக்குள்தான். ரெண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

பேச்சியம்மாள் வீட்டுக்குள் போய் ரெண்டு தட்டோடு வந்தார். சோறு, கீரைக் கடைசல்.

"பிள்ளைக்காரிக நம்பி வாங்கிட்டுப் போவாக. மொதல்ல நாம தின்னு பாக்கணும்லா?"

இத்தனை மாதம் ஊருக்கு உபதேசம் செய்த என் கை தட்டுக்குப் போகவில்லை. சட்டைப் பைக்குப் போனது. காகிதத்தை எடுத்து மூன்றாம் தடவை வாசித்தேன். நிமிர்ந்தபோது அவர் பாதிச் சோறு முடித்திருந்தார்.

"ஈயத்தைக் கட்டிப் போட்டீக, சரி. உங்க கையை யாரு அண்ணாச்சி கட்டிப் போட்டா?"

தட்டை வழித்துவிட்டேன், மண் ஒருவழியாகத் தேறிவிட்டது, வைத்தியனுக்குத்தான் இன்னும் ரெண்டு மூட்டைக் கரி போட வேண்டும்.