ஒரே தோம்புச் சோறு

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு சரி. பேர்கள் மறந்துபோகின்றன, எது முன்னால் நடந்தது எது பின்னால் என்பதும் குழம்புகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இது மட்டும் குழம்பவில்லை.

செமோருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். அங்கே பிறந்தவர்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் வருவதை ஈப்போவில் என் மகள் எனக்குப் படித்துக் காட்டுவாள். போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார்: "வெள்ளைக்காரன் காலத்துல நம்ம தோட்டத்துல சாதி கீதி ஒண்ணும் இல்ல லா. எல்லாரும் ஒரே தோம்புச் சோறுதான் சாப்பிட்டோம்." நிறைய பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

தோம்பு என்று நாங்கள் சொல்வது பெரிய இரும்புப் பீப்பாயை. அதில் சோறு ஆக்கியது என் அம்மா. சாப்பிட்டது உண்மை. எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

அது மலாயாவில் வெள்ளைக்காரனும் கம்யூனிஸ்டுகளும் சண்டை போட்ட அவசரகாலம். காட்டில் இருந்தவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். கடையில் டின் பால் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். பிறகு வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வேலிக்குள் தகரக் கொட்டகை போட்டு, அங்கேயே எல்லாருக்கும் சோறு ஆக்கி, மங்கு என்கிற எனாமல் தட்டில் போட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடு.

எங்கள் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு உண்டு. தண்ணீர்க் குழாயும் இரண்டு. ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தபோதே கங்காணிமார் அப்படிப் பிரித்து வைத்தார்கள். துரைக்கும் அது வசதியாக இருந்தது. நாங்கள் கீழ் லயம். அம்மா அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தார். மேட்டில் ஏறிப் பால் வெட்ட முடியாது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்றபோது துரை கைத்தடியால் அம்மாவைக் காட்டி, இவள் சமைக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் மூன்று நாள் மேல் லயத்தார் ஒருவரும் வரவில்லை. ரொட்டியும் வரக்காப்பியுமாகக் கிடந்தார்கள். வடித்த சோறு மலைபோல் மிஞ்சியது. கங்காணி துரையிடம் போய்ப் பேசிப் பார்த்தார். அரிசி கொடுத்தாயிற்று, தின்னாவிட்டால் அது உங்கள் பாடு என்று துரை சொல்லிவிட்டாராம்.

நாலாம் நாள் கங்காணி ஒரு வழி கண்டுபிடித்தார். அரிசியில் தீட்டு இல்லை, நெருப்பிலும் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. ஆகவே அவருடைய அக்கா, புருஷன் இல்லாதவர், வந்து தோம்பில் தண்ணீர் ஊற்றுவார். மற்றதை அம்மா பார்த்துக்கொள்ளலாம். அப்படி ஆக்கினால் அது மேல் லயத்துச் சோறு. இதை ஒருத்தரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்துதான் சிரித்தார். "தண்ணி அவங்க, தீ நானு, அரிசி கவர்மெண்ட்டு. சோறு யாருது?"

அப்பாவுக்குப் பயம். "வாயை வெச்சிக்கிட்டு சும்மா இரு. கங்காணி பேர வெட்டிருவாரு. வயித்துல புள்ளையோட எங்க போவ?"

"துரை வீட்டுக்குள்ள கங்காணி போயிருக்காரா? வாசல்லயே நின்னு பேசிட்டு வாராரு. துரைக்கு நம்ம எல்லாருமே கீழ் லயந்தான்" என்றார் அம்மா. அதை வெளியில் சொல்லவில்லை. சோறாக்கப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொட்டகைக்குப் போய்விடுவேன். யாராவது கூப்பிட்டால் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், அவ்வளவு கூச்சம். அங்கிருந்தே எல்லாம் பார்த்தேன். கங்காணியின் அக்காவுக்கு வயதாகிவிட்டது. வாளி தூக்கினால் கை நடுங்கும். சில நாளிலேயே அவர் விறகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். மேல் லயத்துக் குழாயில் வாளி நிரப்பி அம்மாதான் தோம்பில் ஊற்றினார். ஊற்ற ஊற்ற அக்கா காலை நீட்டிக்கொண்டு, "வெளிய சொல்லாத புள்ள. வயித்துக்குத் தெரியவா போவுது" என்பார். அம்மாவும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் மங்கோடு லயத்துக்கு ஒரு வரிசையாக நிற்கிறார்கள். கங்காணி முதல் ஆள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றவர்களிடம் திரும்பினார்.

"என்ன இருந்தாலும் எங்கக்கா கைத் தண்ணி. சோத்துல வாசம் தெரியுது பாரு."

அம்மா கரண்டியைத் தோம்பின் விளிம்பில் வைத்தார்.

"அது என் கைத் தண்ணிங்க கங்காணி. பத்து நாளா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சோறு போதுமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார். ஆனாலும் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது. அப்பா கீழ் லயத்து வரிசையில் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டார். பேர் வெட்டியாயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

"அக்கா, இவ சொல்றது நெசமா?"

அந்த அம்மாள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எங்கள் சாமான் வேலிக்கு வெளியே போயிருக்கும். கட்டையிலிருந்து மெதுவாக எழுந்தார். தன் மங்கை எடுத்துக்கொண்டு வந்து தம்பிக்கு முன்னால் நின்றார்.

"பத்து நாளா தின்னுட்டு நீயும் நல்லாத்தான இருக்க? நகரு. போடு புள்ள, பசிக்குது."

அம்மா போட்டார். அவர் அங்கேயே, எல்லாரும் பார்க்க, நின்றபடி சாப்பிட்டார்.

கங்காணி மங்கைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே கொஞ்சம் பேர் போனார்கள். கொஞ்சம் பேர் போகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் கங்காணியே வந்து, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு மங்கை நீட்டினார். "குழையாம போடு" என்றார். அம்மாவின் பேரை வெட்டவில்லை. சொந்த அக்கா சாப்பிட்ட பிறகு என்ன சொல்லி வெட்டுவது?

இதோடு சாதி போய்விட்டது என்று நான் எழுதவில்லை. கோயிலில் எங்களுக்குத் தீர்த்தம் தூக்கித்தான் ஊற்றினார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் பல வருஷம் அப்படித்தான். ஆனால் குழாய் ஒன்றாயிற்று. இரண்டில் ஒன்று கெட்டுப்போனபோது அதைச் சரி செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆகவே குழுவில் எழுதிய தம்பிக்குச் சொல்கிறேன். ஒரே தோம்புதான். யாரும் அன்பினால் அங்கே வந்து சேரவில்லை. அரசாங்கம் அரிசியைப் பூட்டியது, பசி கொண்டுவந்து நிறுத்தியது, இரண்டு பொம்பளைகள் வாயைத் திறந்தார்கள்.

பத்து நாளா பன்னிரண்டு நாளா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அது போகட்டும். அந்த அக்காவின் மகள் பாகான் செராயில் இருப்பதாகக் கேள்வி. என்னைவிட மூத்தவர். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டி ஒன்று மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். என் அம்மா முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றிய நாள், நீயே ஊத்து என்று அவர் அம்மா சொன்னாரா, இல்லை அந்தக் கை நடுங்குவதைப் பார்த்து என் அம்மா தானாகவே வாளியை வாங்கிக்கொண்டாரா? அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.