உறுமும் மோட்டார்

மிக்சிக்குள் மோட்டார்ச் சுருளின் வார்னிஷ் கருகும் வாசம் வந்ததும் கை தானாகச் சுவிட்சை அணைத்தது; மனமோ சேரன்மகாதேவிக்கு வெளியே, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் வயலின் மோட்டார் அறைக்குள், கிரீஸும் ஈரச் சிமெண்டும் மணக்கும் இருட்டில், மின்சாரம் குறையும்போதெல்லாம் கோவைப்பழமாய்ச் சிவந்து சோரும் குண்டு பல்பின் கீழ் போய் நின்றது.

நெல் பால்பிடிக்கும் நேரம், வாய்க்கால் வறண்டிருந்தது. மோட்டார் சுற்றாமல் உறுமியது. சில நாள் உறுமி உறுமியே ஓடத் தொடங்கிவிடும் என்பதால் அப்பா அணைக்காமல் காத்திருந்தார்.

"ஏட்டி, வோல்ட்டு நூத்தறுவது, ஆம்பியர் இருவது காட்டுது. கணக்குப் போட்டுச் சொல்லு."

அந்த வாரம்தான் பள்ளியில் படித்திருந்தேன். வகுத்தேன், எட்டு ஓம். பெருக்கினேன், மூவாயிரத்து இருநூறு வாட். பெரிய எண் வந்த பெருமையில் கத்திச் சொன்னேன்.

"அம்புட்டு இருக்குல்லா? பெறவு ஏன்ட்டி தண்ணி வரமாட்டேங்கு?"

சுற்றாத மோட்டாரில் அத்தனை வாட்டும் வெறும் சூடாகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. திரும்பப் பெருக்கினேன், அதே விடைதான் வந்தது. அதற்குள் புகை எழுந்தது. அப்பா ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல மோட்டார்மேல் கை வைத்தார்.

மின்சாரத்தை இழுக்க இப்போது மோட்டார் இல்லாததால், தலைக்குமேல் பல்பு பளிச்சென்று எரிந்தது.