மகளின் தலையில் வைத்த கை

என் கணவர் காலை ஏழு மணிக்கு மானிப்பாயில் பஸ் ஏறுவார். பட்டணத்துக் கிளினிக்கில் தாதியின் கண்முன்னே மருந்தைக் குடித்துவிட்டு ஒன்பதரைக்கு வீட்டில் நிற்பார். தூளை, அதாவது ஹெரோயினை, விட்டவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து. மருந்து தொடங்கி அது ஐந்தாவது மாதம். ஒன்பதே முக்கால் ஆனால் நான் வாசல் படலைக்குப் போய்விடுவேன்.

அவர் சேட்டைக் கழற்றியதும் எடுத்து மணந்து பார்ப்பேன். தூளின் மணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, யாரிடம்தான் கேட்பது? கண்ணின் கருமணி சிறுத்திருந்தால் தூள்தான் என்று இணையத்தில் வாசித்தேன். அவருடையது சிறுத்துத்தான் இருந்தது. அடுத்த நாளே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இந்த மருந்துக்கும் அப்பிடித்தான் பிள்ளை சிறுக்கும்,” என்றார் தாதி. “கண்ணைப் பாத்துப் பிடிக்கேலாது. நீர் என்ன, பொலிசிலை சேரப்போறீரோ?”

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விடுமுறை முடிய ஐந்து கிழமைதான் இருந்தது. நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலை தொலைவில். அம்மா உடுப்பிட்டியில், படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு வர முடியாது. ஒன்றரை வயது மகளை அவரிடம்தான் விட்டுப் போகவேண்டும். விடலாமா என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே கேள்வி.

அதனால்தான் அவரையும் மகளையும் கீரிமலைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளித்துக் கும்பிட்டு வெளியே வந்ததும், மகளை அவர்முன் நிறுத்தினேன்.

“இவளின்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. இனித் தொடமாட்டன் எண்டு.”

“என்னப்பா, உதெல்லாம் தேவையே?”

“தொடாதவருக்கு என்ன பயம்?”

கை வைத்தார். சத்தியம் தவறினால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும் என்று நாங்கள் இருவரும் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். பட்டதாரியான நான் அதை நம்பினேனா? அவர் நம்புவார் என்று தெரியும். அது போதும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவர் மகளைத் தூக்குவதில்லை. அவள் கைநீட்டிக்கொண்டு போனால் பந்தை உருட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். தலை வாரச் சொன்னால் சீப்பை என்னிடம் நீட்டுவார். கை நடுங்குகிறதோ? எதையாவது விரலில் ஒளிக்கிறாரோ? சேட்டு மணப்பதை விட்டு அவர் விரல்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்தக் கிழமையே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் காதுக்குள் பார்த்துவிட்டு, சளியால் வந்த சின்ன வருத்தம் என்று மருந்து எழுதித் தந்தார். ஓட்டோவில் திரும்பும்போது என் கணவரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்னாலைதான்,” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. “எத்தினை தரம்?”

“ரெண்டு. முதல் தரம் எடுத்த அண்டைக்கே பிள்ளைக்கு என்னவும் ஆகப்போகுதெண்டு பயம். அந்தப் பயத்திலைதான் ரெண்டாந்தரம்.”

“கிளினிக்கிலை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா சத்தியம் முறிஞ்சது உமக்குத் தெரியவரும்.”

“முதல் தரம் ஏன்?”

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “முந்தி வேலை செய்த கடையிலையும் திரும்ப வேலைக்கு எடுக்கமாட்டம் எண்டிட்டாங்கள். வீட்டை வந்தா நீர் சேட்டை மணக்கிறீர். ஒண்டும் செய்யாமலே நான் கள்ளன். செய்தா என்ன எண்டு வந்திட்டுது.”

அன்று முழுவதும் அந்தச் சொல் என்னைக் குடைந்தது. உண்மையோ, பழியை என் தலையில் போடுகிறாரோ? இரண்டு தரம் என்றால் நான்கோ? பிறகு, அவரது வாயை அடைத்தது யார் என்றும் யோசித்தேன். பிள்ளையைப் பாதுகாக்க நான் செய்ததுதான் அவரைத் தாதியிடமிருந்து ஒளிய வைத்தது.

மறுநாள் மூவரும் கிளினிக்குக்குப் போனோம். சத்தியத்தையும் சேர்த்து, அவரே எல்லாவற்றையும் சொன்னார். தாதி ஏசவில்லை.

“மருந்தின்ரை அளவு காணாதோ எண்டு டொக்டர் பாக்கட்டும். தவறினா அடுத்த நாளே எனக்குச் சொல்லவேணும், தம்பி.” என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, இனிச் சத்தியம் ஒண்டும் வாங்காதையும்.”

அடுத்த இரண்டு கிழமையும் அவர் ஒவ்வொரு நாளும் போனார். மகளைத் தூக்கவும் தொடங்கினார். எனக்கு நம்பிக்கை வந்ததா? வரவில்லை. ஆனாலும் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை விடிய ஆறரைக்கு வந்த பஸ்ஸில் ஏறினேன். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு மருந்துக்குப் போய் வருவதாக ஏற்பாடு. இடைவேளை மணி அடித்ததும் தொலைபேசி எடுத்தேன்.

“பிள்ளை சாப்பிட்டவளோ?”

“ஓம்,” என்றார். “என்ரை குரலைக் கேக்கத்தானே எடுத்தனீர்?”

பொய் வாய்வரை வந்தது. “ஓம்,” என்றேன்.

“அப்ப கதைக்கிறன், கேளும்.”

மகள் புட்டைத் தரையில் கொட்டியதையும், பஸ்ஸில் யாரோ ஒருவரின் குடையைப் பிடித்து இழுத்ததையும் சொல்லிக்கொண்டே போனார். சொற்கள் எங்காவது இழுபடுகின்றனவா என்று, தொலைபேசியைக் காதோடு அழுத்தி, இடைவேளை முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.