அத்தான் பார்க்கப் போன சிறுத்தை

என் அக்கா சந்திரவதனாவின் புருஷன் யோகலிங்கம் அத்தானுக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை. ஆட்கள் இறங்கிப் போன விமானத்தில் ஏறி, இருக்கைப் பைகளில் கிடக்கும் குப்பையை அள்ளி, அடுத்த பயணத்துக்குத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான். வீடிருக்கும் ஹவுன்ஸ்லோவை விட்டு அவர் எங்கும் போனதில்லை. ஆனால் உலகத்தில் யார் எதைத் தின்றுவிட்டு எதை மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டால் விடிய விடியச் சொல்லுவார்.

நைரோபி விமானத்தில் மட்டும் அவருக்குக் கை மெதுவாகத்தான் ஓடும். சஃபாரி போய் வந்தவர்கள் விட்டுப் போகும் விலங்குப் பட்டியல்கள் அதில் கிடக்கும். யானை, சிங்கம், எருமை, காண்டாமிருகம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கண்டவர்கள் சரி போட்டிருப்பார்கள். எதையும் வெளியே கொண்டுபோக அனுமதியில்லை. அத்தான் நின்ற நிலையில் வாசித்துவிட்டுக் குப்பைப் பையில் போடுவார். அப்படி வாசித்து வாசித்து, சிறுத்தையின் கட்டம்தான் அதிகம் வெறுமையாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஒருமுறை யாரோ அதில் சரி போட்டு, பக்கத்தில் "தலைகீழாக மரத்தால் இறங்கியது" என்றும் எழுதி வைத்திருந்தார்களாம். வந்தது வினை.

"அதெப்பிடி ரஜனி, தலைகீழா இறங்கும்? விழாதே?" என்று என்னைக் கேட்டார். நான் மோர்டனில் மருந்துக்கடையில் நிற்கிறவள். எனக்கென்ன தெரியும்? யூடியூப்பில் பாருங்கோ என்றேன்.

"உது ஆரோ பாத்தது. நான் பாக்கோணும்" என்றார்.

போன வருடம் அவருக்கு அறுபது வயதானபோது, மண்டபம் எடுத்துச் சாப்பாடு போடுவோம் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். எதற்கும் வாய் திறக்காத மனுஷன், "எனக்கு மண்டபம் வேண்டாம், கென்யா போவம்" என்றார். அக்கா துணைக்கு வா என்று என்னையும் இழுத்தாள். படம் பிடிக்கத்தான் கூட்டிப் போகிறாள் என்பது போன பிறகுதான் விளங்கியது.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் முதலில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுக்க வேண்டும். அக்காவின் ஃபோனில் ஐந்து நாளில் யானைக்கு முன்னால் அக்கா, சிங்கத்துக்கு முன்னால் அக்கா, ஒட்டகச்சிவிங்கியின் காலுக்கு முன்னால் அக்கா. அத்தான் மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மரம் மரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் கூட யன்னல் பக்கக் கதிரைதான் கேட்பார். ஐந்து நாளும் சிறுத்தை இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கடைசி நாள் காலை, ஜீப்பின் ஓட்டுநர் ஓர் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, மெல்லக் கையைக் காட்டினார். இருபது அடி தூரத்தில் ஒரு மரம். நாங்கள் மூன்று பேரும் திறந்த கூரையால் எழும்பி நின்றோம். அத்தான் இலைகளுக்குள்ளே தேடினார்.

"வால் தெரியுது" என்று குசுகுசுத்தார். "மிச்சம் எங்கை?"

அதற்குள் அக்காவுக்குச் சிறுத்தை முழுதாகத் தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையை நீவிக்கொண்டு, "இஞ்சருங்கோ, திரும்பி நில்லுங்கோ. ரஜனி, கெதியா எடு" என்றாள்.

அத்தான் திரும்பினார். முப்பத்து மூன்று வருடமாக அக்கா சொன்னால் திரும்புகிறவர். நான் முன்பக்கம் போய் ஃபோனைப் பிடித்தேன். அவர் தலை மறுபடி மரத்தின் பக்கம் போனது. "அத்தான், ஆடாமல் என்னைப் பாருங்கோ" என்று அதட்டினேன். ஆம், நான்தான் அதட்டினேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது. ஒன்று எடுத்தேன். அக்கா கண்ணை மூடிவிட்டாள் என்று இன்னொன்று. அத்தானின் சட்டைக் கொலர் மடிந்திருந்ததால் அதைச் சரி செய்யச் சொல்லி மூன்றாவது.

ஓட்டுநர் கீழேயிருந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அத்தான் திரும்பிப் பார்த்தார். மரத்தில் ஒன்றும் இல்லை. புல் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது.

முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். வரவில்லை. மத்தியானம் விமானம் என்பதால் ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.

படம் அருமையாக வந்திருந்தது. சிரிக்கும் அத்தானின் தோளுக்கு மேலே சிறுத்தை எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அக்கா அதை அங்கேயே குடும்ப குரூப்பில் போட, ஹவுன்ஸ்லோவிலிருந்து கைதட்டல்கள் வந்து விழுந்தன. அத்தான் ஃபோனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஏசுவார் ஏசுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவரோ சின்னப்பிள்ளை மாதிரி என் பக்கம் சரிந்தார்.

"ரஜனி, நீர் அந்தப் பக்கம்தானே பாத்துக்கொண்டு நிண்டனீர். அது எப்பிடி இறங்கினது? தலை முன்னாலையோ?"

சிறுத்தை என் கண்ணுக்கு நேரேதான் இறங்கியிருக்கிறது. ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை.

"தெரியேல்லை அத்தான். நான் உங்கடை கொலரைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவளும் அவரைப் போலவே மரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றவள்தான்.

"அப்ப எங்களிலை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார்.