பர்பி டப்பாவுடன் மான் வேட்டைக்கு வந்த மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா போய்விட்டார். நேற்று காலை, டெக்சாஸ் இர்விங்கில், அவர் வீட்டுச் சமையலறையில்... மாரடைப்பு.

அவர் கணவர் சுந்தரம் அண்ணன் ஃபோனில் சொன்னபோது ஆபீஸ் பார்க்கிங்கில் இருந்தேன். காரை விட்டு இறங்க அரை மணி நேரம் ஆனது.

உங்களில் பலருக்கு அவர் எங்கள் ஆபீஸ் டெஸ்டிங் லீட். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையைக் கட்டி மேய்ப்பவர்.

எனக்கு அவர் வேட்டைத் துணை. ஆமாம், வேட்டைதான். சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் லஞ்சுக்கு டீமில் ஒருவர் ப்ராங்ஹார்ன் மான் கறி கொண்டுவந்தார். வயோமிங் புல்வெளிகளில் காரோடு போட்டி போட்டு ஓடும் மான் அது. அக்கா கொஞ்சம் வாங்கிப் போய் மிளகு போட்டு வறுத்திருக்கிறார். மறுநாள் நேராக என் டெஸ்க்குக்கு வந்தார்.

“இது கடையில கெடைக்காதாமா. நாமளே போலாமா தம்பி?”

இரண்டு பேருக்குமே துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. சேர்ந்தே கிளாஸ் போனோம். குறி தப்பிய ஒவ்வொரு குண்டுக்கும் காரணத்தை நோட்டில் எழுதுவார்... டெஸ்டிங் புத்தி. பெரும்பாலும் காரணம் நான் பேசியதுதானாம்.

ஐந்து வருஷம் விண்ணப்பித்த பிறகு, குலுக்கலில் அக்காவுக்கு ஒரு மானுக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு இல்லை. நான் வெறும் டிரைவர்.

வயோமிங்கில் வேட்டைக்கு இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று அரசாங்கத்தின் திறந்த புல்வெளி. இன்னொன்று தனியார் நிலம்... சொந்தக்காரரே வேட்டைக்குத் திறந்துவிட்டிருப்பார். வண்டியை வேலியோரம் விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும்.

நான் திறந்த புல்வெளிக் கட்சி. என் பேச்சைக் கேட்டு முதல் இரண்டு நாள் அங்கேதான் அலைந்தோம். மறைய ஒரு புதர் கிடையாது. நாங்கள் மானைப் பார்ப்பதற்குள் அது எங்களைப் பார்த்துவிடும்.

வெள்ளைத் துணியை ஆட்டினால் வேடிக்கை பார்க்க வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அண்ணனின் வேட்டியை எடுத்து ஆட்டினார் அக்கா. மான் வரவில்லை. தூரத்து ட்ரக்கில் இருந்து இரண்டு பேர் பதறிக்கொண்டு வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்கள்.

மூன்றாவது நாள்தான் கடைசி நாள். விடியும்போதே தனியார் நிலத்துக்குப் போய்விட்டோம். அனுமதி கேட்கத் தேவையில்லை என்று வேலியிலேயே போர்டு. நான் அக்காவின் துப்பாக்கியை எடுத்தேன். அக்கா தேங்காய் பர்பி டப்பாவை எடுத்தார்.

“அக்கா, கேக்க வேணாம்னு போர்டே போட்ருக்கு.”

“போட்டா? ஒருத்தரு தோட்டத்துக்குள்ள சொல்லாமக் கொள்ளாமப் போறதாப்பா? எங்கூர்ல நாய அவுத்து உட்ருவாங்க.”

மான் மேயும் நல்ல நேரத்தில் பண்ணை வீட்டைத் தேடிப் போனோம். வால்ட் என்ற பெரியவர் கதவைத் திறந்தார்.

“மேம், யூ டோன்ட் ஹேவ் டு ஆஸ்க்.”

“ஐ நோ. பட் ஐ ஆம் ஆஸ்கிங்.”

பர்பியைக் கடித்துப் பார்த்தவர் உள்ளே போய் நாற்காலிகளும் காபியும் கொண்டுவந்தார். பேசினார்கள், பேசினார்கள்... மாட்டுத் தீவனம், மருமகள், முழங்கால் வலி. வெயில் ஏறிவிட்டது. நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது வந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில், ஐம்பதடி தூரத்தில், கொம்போடு ஒரு கிடா மான். நின்று எங்களையே பார்த்தது.

வீட்டைச் சுற்றி வேலிக்குள் இருக்கும் இடத்தில் வேட்டை கிடையாது. ஆனால் வால்ட் கப்பைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “வெல்... யூ ஆஸ்க்ட். கோ அஹெட்.”

துப்பாக்கியை எடுக்க நான் வண்டிக்கு ஓட எழுந்துவிட்டேன். ஐந்து வருஷக் காத்திருப்பு, ஐம்பதடி தூரம். அக்கா காபியைக் கீழே வைக்கவே இல்லை.

“அவரு வாசல்ல உக்காந்து காபி குடிச்சுப்போட்டு அங்கயே சுடறதா? உக்காரு தம்பி. வேலிக்கு அந்தாண்ட, நம்ம பக்கம் வரட்டும்.”

ப்ராங்ஹார்ன் வேலியைத் தாண்டாது, கம்பிக்கு அடியில் புகுந்துதான் போகும். அது எங்கள் பக்கம் புகுந்து வரும் என்று சாயங்காலம் வரை புல்லில் படுத்துக் கிடந்தோம். எதிர்ப்பக்கம் புகுந்து போய்விட்டது.

திரும்பும் வழியில் கொலராடோ வரும்வரை நான் முறைப்பாகவே ஓட்டினேன். அக்கா நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

இந்த வருஷம் எங்கள் இருவருக்குமே குலுக்கலில் விழுந்தது. அதே இடம்... இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

முந்தாநாள் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “இந்தவாட்டி உக்காரவே கூடாது தம்பி. பர்பியக் குடுத்துட்டு ஒடனே கெளம்பிரோணும். நீ பாட்டுக்கு காபிக்குத் தலையாட்டிப்புடாத.”

நானாம்... தலையாட்டியது!

இன்று காலை வால்ட்டுக்கு ஃபோன் செய்து சொன்னேன். நீயாவது வருவாய்தானே என்று கேட்டார்.

வருவேன், பர்பியோடு வருவேன் என்றேன். எனக்கு வெந்நீர்கூடச் சரியாக வைக்கத் தெரியாது.

அக்கா, வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். நீங்கள்தான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள்.

போயிட்டு வாங்க அக்கா...