குலசிங்கத்தின் கொலஸ்ட்ரால் குறைந்த கதை

என் கணவர் குலசிங்கம் போய் எட்டு மாதமாகிறது. என்ன நோய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஹார்ட்" என்று சொல்லி வைத்தேன். பொய். அவரைக் கொண்டுபோனது காசநோய். பொய் சொல்லாதே என்று முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிரம்பைக் காட்டி மிரட்டிய சரோஜாதேவி டீச்சருக்கு, புருஷன் எதனால் செத்தார் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். போதும், இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அவர் மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரின் நில அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். மூடிப்போன எஸ்டேட்டுகளிலிருந்து நிலம் கேட்டு வருகிற சனங்களுக்கு மலாய் மொழியில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சோறு ஆறிக் கிடக்கும். "ஊருக்கெல்லாம் நீங்கதான் வக்கீலா?" என்று ஏசுவேன். சிரித்துக்கொண்டே அந்த ஆறின சோற்றைச் சாப்பிடுவார். ஈப்போவில் நாங்கள் வீடு வாங்கி வந்த பிறகும் அப்படித்தான், வீட்டில் பேச்செல்லாம் என்னுடையது. டாக்டரிடம் போனால்கூட அவருக்காக நான்தான் பேசுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ரால் 7.4. ஐந்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே ஆகாது என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார், சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பட்டினி போடு என்று சொல்லவில்லை. அது நானே போட்ட பாடத்திட்டம்.

தேங்காய் என்ற பொருளே வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். தேங்காய்ப்பால் இல்லாமல் எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் என்ன சமையல்? நான் சமைத்தேன். மஞ்சளும் வெங்காயமும் மிதக்கிற வெந்நீருக்குச் சொதி என்று பெயர் வைத்தேன். முட்டை நின்றது, மீன் நின்றது, கோப்பிக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

"சரோ, இது சொதியா, மழைத்தண்ணியா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"உயிர் வேணும்னா குடிங்க," என்றேன். குடித்தார்.

அடுத்த பரிசோதனையில் 5.1 வந்தது. அதற்கடுத்தது 4.2. பிறகு 3.5. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவேன், கோலாலம்பூரிலிருந்து மகள் கௌசிகா பத்துக் கைதட்டல் அனுப்புவாள். 2.9 வந்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக் கோயிலுக்கே கொண்டுபோனேன். அர்ச்சனை முடிந்து பொம்பளைகள் கூடி நின்று பார்த்தார்கள். "டீச்சர், உங்க சமையல் லிஸ்ட்ட குடுங்களேன்லா," என்று கெஞ்சினார்கள். இவர் தூணோரம் நின்றிருந்தார். எழுபத்தெட்டு கிலோ இருந்த ஆள் ஐம்பத்தொன்பதுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

இருமல் அப்போதே இருந்தது. ஏர்கான் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டினேன். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டால், "அருமையா இருக்காரு டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். இருமலைப் பற்றி மூச்சு விடவில்லை. முழு மார்க் வாங்கிய பையனைப் பற்றிக் குறை சொல்ல எந்த டீச்சருக்கு மனசு வரும்?

எங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்க வாரம் இரண்டு நாள் வீரம்மா வருவாள். கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். ஒரு காலை அவர் இருமுவதைக் கேட்டுத் துடைப்பத்தை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஐயாவுக்கு சளி டெஸ்ட் பண்ணிப் பாருங்கலா. எங்க வீட்டுக்காரருக்கு டிபி வந்தப்ப இதே மாதிரிதான், உடம்பு எளைச்சு, இருமி இருமி..."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாருக்கு டிபி? எங்க வீட்டு ஆம்பளைக்கா? எஸ்டேட் லயத்து நோயெல்லாம் இங்க கொண்டாந்து ஒட்டாதே!" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் புருஷனிடமிருந்து எதையாவது கொண்டுவந்திருப்பாளோ என்று பயமும் சேர்ந்துகொண்டது. இனி வரவேண்டாம் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். முன்னறையில் இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டரை மாதம் கழித்துக் கைக்குட்டையில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டார்கள். இரண்டு நுரையீரலும் அரித்துப் போயிருந்தன. சின்ன வயதில் எப்போதோ உள்ளே போன கிருமியாக இருக்கலாம், உடம்பு தளரும்வரை சும்மா கிடந்திருக்கும் என்றார் அங்கே அவரைப் பார்த்த பெண் டாக்டர். நான் பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டினேன். பாருங்கள் டாக்டர், எவ்வளவு நன்றாக வைத்திருந்தேன் என்று சொல்லத்தான் நீட்டினேன்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஆண்ட்டி, இந்த அளவுக்குக் கொலஸ்ட்ரால் குறைஞ்சவங்களுக்கு டிபி கொஞ்சம் அதிகமா வருதுன்னு ஆராய்ச்சியெல்லாம் இருக்கு. டிபியே கொலஸ்ட்ராலைக் குறைச்சிடும், அதுவும் உண்மை. அங்கிளுக்கு எது முன்னாடி வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. மாத்திரை மேல தப்பு இல்ல, ஹார்ட்டுக்கு அது வேணும். ஆனா இவ்ளோ எளைச்சு, இருமலும் இருந்தப்பவே வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அப்படியானால் நான் கோயிலில் கொண்டாடியது என்ன? என் சமையலின் வெற்றியையா, அவரை நோய் தின்றதையா?

அவரோடு பழகியவர்களையெல்லாம் பரிசோதிக்க வேண்டும் என்று பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். வீரம்மாவின் பெயரை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை. முடிவு வந்த அன்று அவள் வார்டு வாசலுக்கு வந்தாள். மன்னிச்சிடு என்று நான் வாயெடுப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு எழுதப் படிக்கத் தெரியாதவரு டீச்சர். ஆறு மாசம் கிளினிக்ல நர்ஸ் முன்னால நின்னு மாத்திரை முழுங்குனாரு. இன்னைக்கும் மோட்டார் சைக்கிள்ல செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறாரு. எங்க நெலத்துக்கு மனு எழுதிக் குடுத்தது ஐயாதான். அவருக்கு இப்படி ஆவலாமா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிபி மருந்தை இவருடைய ஈரல் தாங்கவில்லை. நிறுத்தி, மாற்றி, மறுபடி தொடங்கிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம், நான் முகமூடியோடு கட்டிலருகில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேசினார்.

"சரோ, ரொம்ப நாளாவே ராத்திரியில வேர்த்துச் சட்டை நனைஞ்சிரும். எழும்பி மாத்திட்டுப் படுத்துக்குவேன்."

"ஐயோ, ஏன் சொல்லல? வீரம்மா சொன்னப்பவாச்சும் வாயத் திறக்கக் கூடாதா?"

"நீ என் ரிப்போர்ட்டக் கையில வச்சுக்கிட்டு நிப்பியே, அவ்ளோ சந்தோஷமா உன்ன நான் பார்த்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

ஒன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் போய்விட்டார். கௌசிகா வந்து சேர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நனைந்த சட்டைகளை அவரே அலசிக் காயப்போட்டிருக்கிறார். கொடியில் ஒரே நாளில் மூன்று சட்டை கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "வீட்டோட கிடக்கிற மனுஷனுக்கு ஒரு நாளைக்கு எத்தன சட்டை?" என்று ஏசியிருக்கிறேன்.